அப்பாவின் பின்னால் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: நான் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளராக இருந்த என் அப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவருடைய உருவப்படத்தை 24க்கு 30 அங்குலக் கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறேன். முகத்துக்கு ஆதாரம் பழைய ஸ்டூடியோ புகைப்படம் ஒன்று. அவருடைய வாழ்க்கை முழுவதும் பின்னணியில் தெரிய வேண்டும் என்பதற்காகக் கோயில் கோபுரம், மாமரம், தறி, எரியும் குத்துவிளக்கு, பறக்கும் அன்னம், மயில், அவர் இறந்த நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஆகியவற்றைச் சேர்த்தேன். பார்த்தவர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் அம்மா, “நினைவஞ்சலி பேனர் மாதிரி இருக்கிறது” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சிறு வயதில் கோர்வைச் சேலை நெய்யும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் கருவியான கரை நாடாவைப் போட்டுக் கொடுத்தவள் நான். அவர் போன பிறகு, தறியில் பாதியில் நின்ற சேலையை அறுக்க எங்களுக்கு ஒரு மாதம் மனம் வரவில்லை. இவ்வளவு அருகில் இருந்து பார்த்தவரை என்னால் ஏன் வரைய முடியவில்லை? பின்னணியில் எத்தனை குறியீடுகள் இருக்கலாம்? அவை பார்ப்பவருக்குப் புரியுமா? முகத்தை அமுக்கிவிடாமல் அவற்றை எப்படி வரைவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய புகைப்படப் பிரதியை இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் நன்றாக வந்திருக்கிறது. கண்ணிமைகளின் கனமும் கீழுதட்டின் இறுக்கமும் வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒரு மனிதரை நேரில் காட்டுகின்றன. ஆகவே, அவரை வரைய முடியவில்லை என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. வரைந்துவிட்டீர்கள். வரைந்து முடித்த பிறகு அவரைச் சுற்றி ஏழு சாட்சிகளை நிறுத்தி, அவரைப் பற்றிப் பேசும்படி சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால் அவருடைய முகம் சொல்வது காதில் விழவில்லை.

உங்கள் அம்மா சொன்னதை வருத்தத்தோடு எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓவிய விமர்சகர் ஒருவர் பத்துப் பக்கத்தில் சொல்லக்கூடியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். பேனரில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எங்கோ எடுத்த முகத்தைக் கத்தரித்து, வேறெங்கோ எடுத்த மேகத்தின் மேலும் விளக்கின் பக்கத்திலும் ஒட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் அதனதன் ஒளியைக் கூடவே கொண்டுவருகிறது. உங்கள் கான்வாஸிலும் அதுதான் நிகழ்ந்திருக்கிறது. முகத்தின் மேல் ஸ்டூடியோ விளக்கின் ஒளி இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. கோபுரத்தின் மேல் உச்சிவெயில் அடிக்கிறது. குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிகிறது, ஆனால் ஓர் அடி தள்ளியிருக்கும் கன்னத்தில் அதன் சாயல் துளியும் இல்லை. கடிகாரத்துக்கு எந்த ஒளியும் இல்லை. எண்ணிக்கையைக் குறைப்பது பற்றிப் பிறகு பேசலாம். இவை அனைத்தும் ஒரே அறையில் ஒரே காற்றில் இல்லை என்பதே முதற்குறை.

தமிழில் ‘பொருள்’ என்ற சொல் கண்ணெதிரே இருக்கும் வஸ்துவையும் குறிக்கும், அதன் அர்த்தத்தையும் குறிக்கும். உருவப்படத்தின் பின்னணியை வரைகிறவர்கள் இந்த இரட்டைத்தன்மையை அப்படியே கடைப்பிடிக்கலாம் என்பது என் நம்பிக்கை. எடையும் நிழலும் தூசியும் உள்ள வஸ்துவாகப் படத்துக்குள் ஒன்று முதலில் உட்கார்ந்துவிட்டால், அர்த்தம் தானாக அதில் வந்து தங்கும். அர்த்தத்துக்காக மட்டும் அழைத்துவரப்பட்ட ஒன்று, படத்தில் உட்கார இடம் தெரியாமல் மிதந்துகொண்டே இருக்கும். உங்கள் அன்னம் அப்படித்தான் மிதக்கிறது.

லியொனார்டோ டா வின்சி 1470களில் ஃபிளாரன்ஸ் நகரில் வரைந்த ஜினேவ்ரா டி பென்சியின் உருவப்படம் இப்போது வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அந்த இளம்பெண்ணின் தலைக்குப் பின்னால் ஜூனிபர் புதர் ஒன்று அடர்ந்து நிற்கிறது. அந்தச் செடிக்கு இத்தாலிய மொழியில் ‘ஜினேப்ரோ’ என்று பெயர். அவளுடைய பெயரோடு அது ஒலிக்கிறது. கற்புக்கும் அது அடையாளமாகக் கொள்ளப்பட்டது. இவ்வளவையும் தெரியாத ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தாலும் ஒன்றை உணர்வார்: அந்தக் கரும்பச்சை இல்லாவிட்டால் அவளுடைய வெளிறிய முகம் இப்படி ஒளிராது. பெயரைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் புதர் ஓவியத்துக்கான வேலையைச் செய்து முடித்துவிடுகிறது. பின்னணியில் நீங்கள் வைக்கும் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியால் சோதித்துப் பாருங்கள்: இதன் அர்த்தத்தை அறவே மறந்துவிட்டால், நிறமாகவோ இருளாகவோ கோடாகவோ இது முகத்துக்கு எதையாவது தருகிறதா?

இதற்கு மாறான மரபும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். முகலாய அரசவையில் பிசித்ர் என்ற ஓவியர் 1615க்கும் 1618க்கும் இடையில் வரைந்ததாகக் கருதப்படும் படத்தில் பேரரசர் ஜஹாங்கீர் ஒரு பெரிய மணற்கடிகாரத்தின் மேல் அமர்ந்திருக்கிறார்; அவருடைய தலைக்குப் பின்னால் சூரியனும் பிறையும் சேர்ந்த மாபெரும் ஒளிவட்டம் இருக்கிறது. அங்கே எதுவும் உண்மையான அறையில் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. ஏனென்றால் அரசரின் முகமும் உடையும் அதே தட்டையான, கோடு முதன்மையான முறையில்தான் தீட்டப்பட்டிருக்கின்றன. நம் தஞ்சாவூர் ஓவியத்தில் பொன்தாளும் கண்ணாடிக் கற்களும் உருவத்தோடு பிணங்காமல் இருப்பதற்கும் இதே காரணம்தான். அந்த வழியில் செல்ல விரும்பினால் அப்பாவின் முகத்தையும் அந்த மொழியிலேயே எழுத வேண்டும். புகைப்படத்தை ஒட்டி, மாமிசமும் எலும்பும் தெரிய வரைந்த ஒரு முகத்தைச் சுற்றி அடையாளங்களை மிதக்கவிட்டால், இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பொய்யாக்கும். உங்கள் கை முதல் வழிக்குப் பழகிய கை என்பது முகத்திலேயே தெரிகிறது. அதையே தொடருங்கள்.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் படத்தை அவருடைய மாணவர்கள் என்னிடம் வரையச் சொன்னார்கள். புத்தக அடுக்கு, உலக உருண்டை, எரியும் தீபம், சன்னலுக்கு வெளியே உதயசூரியன் என்று கல்விக்கு உரிய அனைத்தையும் வைத்தேன். அவருடைய மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, “கண்ணாடியை எப்போதும் நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருப்பார், அதைக் காணோமே” என்று மட்டும் சொன்னார். நான் வைத்தவை எல்லா ஆசிரியருக்கும் பொருந்தும். அவர் கேட்டதோ அந்த ஒருவருக்கு மட்டுமே உரியது. அன்றிலிருந்து, யாருடைய படத்தை வரைந்தாலும் அவருடைய வீட்டாரிடம் அரைமணி நேரம் பேசிய பிறகே கரியைக் கையில் எடுக்கிறேன்.

நம் பழைய கவிஞர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். ஒரு நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றும், அங்கே மனிதர் கொள்ளும் உணர்வை உரிப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. உணர்வைச் சொல்ல அந்த நிலத்திலேயே இருக்கும் பறவையும் மீனும் போதும் என்று அவர்கள் நினைத்தார்கள். குறுந்தொகையில் கபிலரின் பாட்டு ஒன்றில், தலைவன் தன்னைக் கூடிய நேரத்தில் வேறு யாருமே இல்லை என்கிறாள் தலைவி. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு மட்டும் இருந்தது என்கிறாள். அந்தக் குருகு முதலில் பசியோடு நிற்கும் ஒரு பறவை. தினைத்தாள் போன்ற அதன் கால்கள் வரை நமக்குத் தெரிகிறது. அது மீனை மட்டும்தான் பார்த்தது, சாட்சி சொல்லாது என்ற துயரம் பிறகு மெல்ல வருகிறது. பின்னணியில் நிற்கும் ஒரு பறவைக்கு இதைவிடப் பெரிய வேலையை யாரும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள பல்லவர் கால நடுகல்லில், வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது; கோவிவன் என்ற அதன் பெயரும் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. வீரத்துக்குப் பொதுவான அடையாளமாகச் சிங்கம் ஒன்றைச் செதுக்கியிருக்கலாம். ஆனால் அவனோடு நின்றது அந்த நாய்தான்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். குறியீடுகள் என்று நீங்கள் எண்ணிச் சொன்ன ஏழையும்விட, எண்ணாமல் சொன்ன இரண்டு வாக்கியங்களே என்னை நிறுத்தின. பாதியில் நின்ற சேலை ஒன்று. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் போட்டுக் கொடுத்த கரை நாடா இன்னொன்று. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் கொண்ட கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும், ஒருவரால் மட்டும் வசதியாக நெய்ய முடியாது, பக்கத்தில் இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இன்னொருவர் நீங்கள். உங்கள் படத்தின் பின்னணி அங்கே இருக்கிறது.

என் யோசனை இது. புகைப்படத்தில் அப்பாவின் முகம் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. தறியில் நெய்துகொண்டிருப்பவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தால் முகம் ஏறக்குறைய அதே கோணத்தில்தான் இருக்கும். எனவே அவரைக் குழித்தறியில் உட்காரவைத்து, நீங்கள் அன்று உட்கார்ந்த இடத்திலிருந்து, சிறுமியின் கண்மட்டத்திலிருந்து வரையுங்கள். அவருக்குப் பின்னால், தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல்கள் அறையின் இருட்டுக்குள் நீண்டு செல்லட்டும். படமரம் என்ற கட்டையில் சுற்றிய சேலையின் நெய்த பகுதி ஒரு கையகலத்துக்குத் தெரிந்து, அத்தோடு முடியட்டும். கான்வாஸின் கீழ் விளிம்பில், பார்ப்பவர் கைக்கு எட்டும் இடத்தில், கரை நாடா ஒன்று சும்மா கிடக்கட்டும். படத்தைப் பார்க்க வரும் எவரும் தமக்குத் தெரியாமலேயே உங்கள் இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்பா அவர்களிடமிருந்து நாடாவை எதிர்பார்த்துத் திரும்பியிருப்பார்.

மற்றவை என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அன்னமும் மயிலும் காஞ்சிப் பட்டின் கரையிலேயே இருக்கின்றன. அவற்றை வானத்திலிருந்து இறக்கி, அவர் நெய்த கரைக்குள் நெய்துவிடுங்கள், அதுவும் இரண்டடி தள்ளி நின்றால் மங்கித் தெரியும் அளவுக்கு மட்டும். கோபுரமும் மாமரமும் காஞ்சிபுரத்தைச் சொல்கின்றன, அப்பாவைச் சொல்லவில்லை. தறி அறையின் சன்னல் வழியாகக் கோபுரத்தின் ஒரு துண்டு உண்மையிலேயே தெரியும் என்றால் வைக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கடிகாரம் வேண்டாம். நின்ற கடிகாரத்தைப் பார்த்ததும் பார்ப்பவர் மணியைத்தான் படிப்பார், பிறகு முகத்துக்குத் திரும்ப மாட்டார். குத்துவிளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: இந்தப் படம் கூடத்தில் மாட்டப்பட்டதும் உங்கள் அம்மா அதன் முன்னால் விளக்கு ஏற்றப்போகிறார், பூ வைக்கப்போகிறார். அது அவருடைய பங்கு. வீட்டார் படத்துக்குச் செய்ய வேண்டியதைப் படத்துக்குள்ளேயே செய்து முடித்துவிடாதீர்கள்.

ஒளியைத் தீர்மானிப்பது இப்போது எளிது. புகைப்படத்தில் ஒளி இடப்பக்கத்திலிருந்து வருவதால், அறையின் ஒரே சன்னலையும் இடப்பக்கம் வையுங்கள். முகத்தின் நிழல்களை மாற்றி எழுதும் ஆபத்தான வேலை உங்களுக்கு மிச்சமாகும். தறி இன்னும் வீட்டில் இருந்தால், அப்பாவின் உடல்வாகு உள்ள உறவினர் ஒருவரைக் காலை வேளையில் அதில் உட்காரவைத்து, தோளிலும் கையிலும் நூலிலும் ஒளி எப்படி விழுகிறது என்று கரியில் ஓர் ஆய்வுப் படம் வரையுங்கள். தறி இல்லையென்றால் பக்கத்து வீட்டுத் தறி போதும். நினைவிலிருந்து தறியை வரையாதீர்கள். நெசவு தெரிந்த ஊரில், தறியின் பாகங்களான அச்சும் விழுதும் இடம் மாறியிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முகத்தை அமுக்காமல் வரைவது பெரும்பாலும் இருள்-வெளிச்ச அளவுகளைக் கட்டுப்படுத்தும் வேலை. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஒன்பது படிகள் என்று வைத்துக்கொண்டால், முகமும் சட்டையும் அந்த ஒன்பதையும் பயன்படுத்தட்டும். பின்னணி முழுவதும் இருண்ட பக்கத்து மூன்று படிகளுக்குள் அடங்கட்டும். கண்களைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் தறி ஒரே இருண்ட திரளாகக் கரைய வேண்டும், முகம் மட்டும் எஞ்ச வேண்டும். விளிம்புகளும் அப்படியே. கண், மூக்கு, உதடு ஆகிய இடங்களில் மட்டும் கூர்மை இருக்கட்டும். பாவு நூலை ஒவ்வொன்றாக இழுக்காமல், ஈர வண்ணத்தின் மேல் காய்ந்த தட்டைத் தூரிகையை ஒருமுறை இழுத்துவிட்டு நிறுத்துங்கள். அந்த நூல்களின் திசை முகத்தின் பக்கம் சாய்ந்திருந்தால், பார்வையை அவையே அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் அவற்றில் எதுவும் காதையோ தோளையோ சரியாகத் தொட்டு நிற்கக்கூடாது. ஒன்று பின்னால் மறைய வேண்டும், அல்லது தெளிவாக விலகியிருக்க வேண்டும்.

சரிகையில்தான் நீங்கள் தடுமாறுவீர்கள் என்று நினைக்கிறேன். தங்க வண்ணக் குப்பியைத் தொடாதீர்கள். யெல்லோ ஓக்கர் என்ற காவிமஞ்சளில் சிறிது ரா அம்பர் என்ற பழுப்பைக் கலந்தால் நிழலில் கிடக்கும் சரிகை கிடைக்கும். அதன் மேல் வெளிச்சம் படும் ஓரிரு இடங்களில் மட்டும் கொஞ்சம் வெளிர்மஞ்சள் வையுங்கள், அதுவும் அப்பாவின் நெற்றியில் உள்ள மிகப் பிரகாசமான புள்ளியைவிட மங்கலாக. பட்டுச் சேலையின் உடலுக்கு அரக்கு நிறமா மாம்பழ மஞ்சளா என்பது உங்கள் விருப்பம். இருண்ட அறைக்குள் அரக்கு அடங்கி இருக்கும், மஞ்சள் அடங்காது.

பார்ப்பவருக்குப் புரியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்து, இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் ‘தூதர்கள்’ படத்தின் அகலமும் உயரமும் ஏறத்தாழ இரண்டு மீட்டர். இரண்டு செல்வந்தர்களும் அவர்களுக்கு நடுவே கருவிகளும் புத்தகங்களும் முதல் பார்வையில் தெரிகின்றன. அருகில் போனால் லூட் என்ற இசைக்கருவியின் ஒரு தந்தி அறுந்திருப்பது தெரிகிறது. பச்சைத் திரையின் மேல் இடது மூலையில் சிலுவை ஒன்று பாதி மறைந்து நிற்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. தரையில் நீண்டு கிடக்கும் மண்டை ஓடு பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மட்டுமே உருவம் பெறும். ஒவ்வொருவரும் தாம் நின்ற தூரத்துக்கு ஏற்ப எடுத்துக்கொள்கிறார்கள். எதையும் எடுத்துக்கொள்ளாதவருக்கும் இரண்டு மனிதர்களின் முகங்கள் முழுமையாகக் கிடைக்கின்றன. யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியர் படத்தில் பகல் வெளிச்சத்தில் எரியும் ஒற்றை மெழுகுவத்தி எதைக் குறிக்கிறது என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதனால் அந்தப் படம் எதையும் இழந்துவிடவில்லை. கெஹிண்டே வைலி வரைந்து 2018இல் திறந்துவைக்கப்பட்ட பராக் ஒபாமாவின் உருவப்படத்தில் இலைச்சுவருக்கு நடுவே சிகாகோவுக்காகச் சாமந்தியும் ஹவாய்க்காக மல்லிகையும் கென்யாவுக்காக ஆப்பிரிக்க நீல லில்லியும் பூத்திருக்கின்றன. அதைச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் சில இலைகள் அவருடைய கால்களுக்கு முன்னால் வந்து படர்வதால், பின்னணியும் மனிதரும் ஒரே இடத்தில் இருப்பது சொல்லாமலே தெரிகிறது. உங்கள் படத்தில் அந்த வேலையைக் கீழ் விளிம்பில் கிடக்கும் நாடா செய்யும். அது யாருடைய நாடா என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் போதும். படத்தின் பக்கத்தில் விளக்க அட்டை எதையும் மாட்டாதீர்கள்.

எத்தனை குறியீடுகள் என்பதற்கு எண் எதுவும் தர மாட்டேன். வின்சென்ட் வான் கோ 1888இல் யூஜின் போக் என்ற நண்பரை வரைந்தபோது, அறையின் சாதாரணச் சுவருக்குப் பதிலாக முடிவின்மையை வரைவேன் என்று தம்பிக்கு எழுதிவிட்டு, அடர்நீலத்தையும் சில விண்மீன்களையும் மட்டுமே வைத்தார். சேலையும் நாடாவும்கூட அதிகம் என்று வரையும்போது தோன்றினால் சேலையை எடுத்துவிட்டு நாடாவை வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் செய்முறை. பழைய கான்வாஸின் மேலேயே பூசித் திருத்த வேண்டாம். கோபுரத்தின் தடித்த வண்ண மேடுகள் புதிய இருட்டுக்குள்ளும் தெரியும், ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணெய் வண்ணம் ஊடுருவித் தெரியத் தொடங்கும்போது அடியில் உள்ள மயிலும் வெளியே எட்டிப்பார்க்கும். அந்தப் படத்தை முகத்துக்கான ஆய்வாக வைத்துக்கொண்டு புதியதைத் தொடங்குங்கள். முதலில் அஞ்சலட்டை அளவில் நான்கைந்து கரிப்படங்கள். பிறகு ரா அம்பரால் மட்டும் இருளும் வெளிச்சமும் காட்டும் அடிப்படம். பின்னணி எங்காவது முந்திக்கொண்டு வந்தால் அழிக்க வேண்டாம். அது தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பின், ரா அம்பரும் அல்ட்ராமெரின் நீலமும் கலந்து ஆளிவிதை எண்ணெயில் மெல்லியதாகக் கரைத்து மேலே ஒரு கிளேஸ், அதாவது அடியில் உள்ளது தெரியும் மெல்லிய பூச்சு, கொடுத்தால் ஓரடி பின்னால் போய்விடும். கீழ் அடுக்கைவிட மேல் அடுக்கில் எண்ணெய் எப்போதும் கூடுதலாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விழும். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுத்திருங்கள். வண்ணம் தடித்த இடங்கள் இருந்தால் ஒரு வருடம்.

அஞ்சலட்டைப் படங்கள் தயாரானதும், என்னிடம் அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் காட்டுங்கள். அப்பா திரும்பிப் பார்க்கும்போது தலை எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்று புகைப்படத்தைவிட அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.